சூடானதும் நின்றுபோகும் பழைய அம்பாசடர்: கரண்ட் எங்கே அறுகிறது?

கேள்வி இதுதான்: 1986 மாடல் மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்டைப் பங்கிடும் டப்பா). காட்பாடியில் காலையில் செல்ஃப் தொட்டதும் பிடித்துக்கொள்கிறது. ஆம்பூர் போகும் வழியில் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் மிஸ் அடிக்க ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் நின்றே விடுகிறது. அரை மணி நேரம் ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்து வைத்தால் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் நான்கு பிளக்கையும் மாற்றிவிட்டார், கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவிவிட்டார். ஒன்றும் சரியாகவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதல் சந்தேகம் கண்டென்சர் (பாயிண்ட் திறக்கும்போது அதன் வாயில் பொறி பாயாமல் தடுக்கும் சின்ன டப்பா), இரண்டாவது காயில் (பேட்டரியின் 12 வோல்ட்டைப் பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக்கும் சுருள்). ஆனால் வண்டி குளிர்ந்திருக்கும்போது சோதித்தால் இரண்டுமே நல்லபிள்ளை போல நடந்துகொள்ளும். ஷெட்டில் விட்டு, ஆறிய வண்டியை மறுநாள் காலையில் பார்ப்பதுதான் இந்த மாதிரி குறையில் எல்லோரும் செய்யும் தவறு. வண்டி நின்ற இடத்தில், நின்ற அந்த ஐந்து நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அதற்கு டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை: இரண்டு வயர் பற்றவைத்த 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று, ஒரு பழைய பிளக், ஒரு புதுக் கண்டென்சர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரு முனையிலும் கிளிப் போட்ட ஒரு மீட்டர் நீள வயர், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு துணி. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

வண்டி நின்றதும் முதலில் பிரிக்க வேண்டியது, குறை கரண்டிலா பெட்ரோலிலா என்பதை. வேலூர் வெயிலில் மே மாதம் 42 டிகிரி சாதாரணம். பானெட்டுக்குள் அதைவிட வெகு அதிகம். பெட்ரோல் பைப்பிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் அறிகுறி அச்சு அசலாக இதேதான்: சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். நிற்கிற விதத்தில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. பெட்ரோல் குறைந்தால் பெரும்பாலும் இழுவை குறைந்து, திணறித் திணறி நிற்கும். கரண்ட் அறுந்தால் சாவியைத் திருப்பியது போலப் பட்டென்று நிற்கும். அல்லது சைலன்சரில் டப்பென்று வெடித்துவிட்டு நிற்கும், ஏனென்றால் எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இது குறிப்புத்தான், தீர்ப்பு அல்ல.

தீர்ப்புக்குப் பொறியைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து செல்ஃப் அடித்தால் சின்னதாக ஒரு பொறி தெரியும். உடனே "கரண்ட் இருக்குப்பா, கார்புரேட்டரைக் கழட்டு" என்பார்கள். பிளக்கின் 0.6 மி.மீ. இடைவெளியைத் திறந்தவெளியில் தாண்டுவதற்கு நோஞ்சான் கரண்டே போதும். சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்பட்ட நிலையில் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் வேண்டும். ஆகவே அந்தப் பழைய பிளக்கின் பக்கக் கொம்பை நிமிர்த்தி, 5 முதல் 6 மி.மீ. வரை இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த வயரை உருவி அந்தப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடலைக் கிளிப் வயரால் இன்ஜினோடு நன்றாக எர்த் செய்து, கையை எடுத்துவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில், சடசடவென்று காதில் விழும்படி தாண்டினால் காயில் வரை சரி. மஞ்சளாக, நூல் போல, இரண்டுக்கு ஒன்று தவறி வந்தால் கரண்ட் பலவீனம். ஒன்றுமே வரவில்லை என்றால் தேட வேண்டிய திசை தெரிந்துவிட்டது. இதைச் செய்யும் முன் கார்புரேட்டரோ பைப்போ கசிகிறதா என்று மூக்கை வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாசனை இருந்தால் பொறி விளையாட்டு வேண்டாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் அருகில் நிற்கவே கூடாது.

பொறி இல்லை அல்லது நோஞ்சான் என்றால், பல்பை எடுங்கள். காயிலில் இரண்டு சின்ன முனைகள் உண்டு. பழைய லூகாஸ் காயில்களில் ஒன்றில் எஸ்டபிள்யூ என்றும் மற்றதில் சிபி என்றும் பொறித்திருக்கும்; புதியவற்றில் கூட்டல், கழித்தல் குறிகள். எஸ்டபிள்யூ சாவியிலிருந்து வரும் பக்கம், சிபி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கம். பல்பின் ஒரு வயரை சிபி முனையிலும் மற்றதை எர்த்திலும் (இன்ஜினின் வெறும் இரும்பிலும்) பிடித்து, சாவியை ஆன் செய்து, செல்ஃப் அடியுங்கள். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரியும், மூடும்போது அணையும். ஆகவே மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் தன் வேலையைச் செய்கிறது, காயிலின் முதல் சுற்றும் (இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே உள்ள கம்பிச் சுற்று) அறவில்லை.

எரியவே இல்லை என்றால் பல்பை எஸ்டபிள்யூ பக்கம் மாற்றுங்கள். அங்கேயும் இருட்டு என்றால் சாவி சுவிட்ச், வயரிங், ஃபியூஸ் பெட்டிப் பக்கத்து லூஸ் முனை இவற்றில் ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து எஸ்டபிள்யூ முனைக்குக் கிளிப் வயரை நேராகக் கொடுத்ததும் வண்டி ஓடினால் சந்தேகமே இல்லை. அந்த வயரோடு வீடு வந்து சேரலாம். ஆனால் இன்ஜினை நிறுத்த வயரைத்தான் பிடுங்க வேண்டும், சாவி கேட்காது. பிடுங்க மறந்து பாயிண்ட் மூடிய நிலையில் விட்டுவிட்டால் காயில் வெந்துவிடும். எஸ்டபிள்யூவில் எரிகிறது, சிபியில் எரியவில்லை என்றால் சிபியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு சிபியில் மறுபடி பாருங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது: ஷார்ட் ஆன கண்டென்சர், தோல் உரிந்த உள் வயர், வாஷர் மாற்றிப் போட்ட பாயிண்ட், அல்லது திறக்கவே திறக்காத பாயிண்ட். இப்போதும் எரியவில்லை என்றால் காயிலின் முதல் சுற்று அறுந்திருக்கிறது. சூட்டில் கம்பி விரிந்து இணைப்பு விட்டு, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் காயில்கள் இப்படித்தான் பிடிபடும்.

செல்ஃப் அடித்தும் பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை அல்லது மூடியும் தொடவில்லை. அழுக்கு, கருகல், எண்ணெய்ப் படலம் எல்லாம் இதில் சேரும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வாக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலுக்கு ஏற்பப் பொறி விழும் நேரத்தை மாற்றும் அமைப்பு) முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டுக்கு எர்த் கொடுக்கும் மெல்லிய பின்னல் வயரும், பாயிண்டுக்கு வரும் வயரும் லட்சக்கணக்கான முறை மடங்கி, மேலே துணி உறை அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்துபோயிருக்கும். கண்ணுக்கு நல்ல வயர். இடுக்கியால் மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும். அப்போதுதான் தெரியும் உள்ளே ஒன்றுமில்லை என்று.

உங்கள் வண்டியில் பல்பு ஒழுங்காக மினுக்கி, பொறி மட்டும் மஞ்சளாக இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் கண்டென்சருக்குப் போங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் கரண்ட் சட்டென்று அறுந்தால்தான் இரண்டாம் சுற்றில் 15 முதல் 20 ஆயிரம் வோல்ட் கிளம்பும். கண்டென்சர் இல்லையென்றால் கரண்ட் அறாமல் பாயிண்டின் வாயிலேயே பொறியாகப் பாய்ந்துகொண்டிருக்கும். சக்தி அங்கேயே எரிந்துபோகும். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது பாயிண்ட் வினாடிக்கு 100 முறை திறக்கிறது, நூறு முறையும் இந்தச் சின்ன டப்பா அந்த அடியைத் தாங்க வேண்டும். இதன் அளவு 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் அதற்குள் சுற்றும் ரோட்டரையும் கழற்றிவிட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்படி இன்ஜினை நிறுத்தி, சாவி ஆன் செய்து, ஸ்க்ரூடிரைவரால் பாயிண்டைப் பிரித்துப் பாருங்கள். ஊசிமுனைப் பொறி சகஜம். கொழுத்த வெள்ளைப் பொறி பளிச்சென்று அடித்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் முளையுமாக இருந்தாலும் இதே கதைதான்.

புதுக் கண்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் மாட்ட வேண்டும் என்று சட்டமில்லை. நடு ரோட்டில் மூடியைக் கழற்றி குட்டி ஸ்க்ரூவை உள்ளே தவறவிடுவதைவிட, அதன் வயரை சிபி முனையிலும் டப்பாவை எர்த்திலும் வெளியே கட்டிப் பாருங்கள். பழையது உள்ளே அறுந்து கிடந்தால் அது அப்படியே இருக்கட்டும், வண்டி ஓடும். பழையது ஷார்ட் ஆகியிருந்தால் மட்டும் அதைக் கழற்றியே ஆக வேண்டும். இங்கத்தி வெயிலுக்குச் சிலர் நிரந்தரமாகவே கண்டென்சரை வெளியே, காற்றுப்படும் இடத்தில் மாட்டிவிடுகிறார்கள். மின்சாரக் கணக்கில் அது முழுக்கச் சரி. வயர் நீளாமல் இருந்தால் போதும். புதுசு என்பதற்காக நம்பியும் விடாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் சாகிற கண்டென்சர்கள் நிறைய. ஓடிக்கொண்டிருந்த பழையது ஒன்று புதியது இரண்டுக்குச் சமம்.

கண்டென்சர் மாற்றியும் பொறி தேறவில்லை என்றால் காயில். மல்டிமீட்டரில் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே 3 முதல் 4 ஓம், சின்ன முனைக்கும் நடுக் குழிக்கும் இடையே சுமார் 5 முதல் 10 ஆயிரம் ஓம் இருக்க வேண்டும். மீட்டரின் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள்; 3 ஓம் அளவில் அந்த அரை ஓம் கணக்கைக் கெடுத்துவிடும். செம்புக்குச் சூடேறினால் தடை கூடும், 55 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு. குளிரில் 3.2 ஓம் இருந்தது 3.9 ஆகும், கரண்ட் 3.7 ஆம்பியரிலிருந்து 3.1க்கு இறங்கும். நல்ல காயில் இதைத் தாங்கும். ஏற்கெனவே தளர்ந்த காயிலும் தேய்ந்த பாயிண்டும் இழுவை விட்ட சாவி சுவிட்சும் சேர்ந்தால் இந்தச் சின்ன இறக்கமே ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் பேட்டரிக்கும் எஸ்டபிள்யூ முனைக்கும் இடையே, பாயிண்ட் மூடிய நிலையில், அரை வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது என்பதில் கறாராக இருக்க வேண்டும். மூடிய பாயிண்டின் குறுக்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் பாயிண்ட் சரியில்லை.

காயிலின் உறை உள்ளுக்குள் கிழிந்து சூட்டில் மட்டும் கசிந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது. அதற்குத்தான் தண்ணீர் பாட்டில். வண்டி நின்றதும் துணியை நனைத்துப் பிழிந்து காயிலின் உடலை மட்டும் சுற்றுங்கள். மேலே தடித்த வயர் செருகும் மூக்கு நனையக் கூடாது. அரை மணி எடுத்தது ஐந்து நிமிடத்தில் ஓடினால் காயில்தான். அடுத்த முறை நின்றால் காயிலைத் தொடாமல் அதே துணியைப் பெட்ரோல் பம்பிலும் பைப்பிலும் போடுங்கள். இரண்டையும் ஒரே தடவையில் நனைத்தால் எதனால் சரியானது என்றே தெரியாது.

காயில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தனியே ஒரு பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்கும் தடை) சேர்த்து ஓட வேண்டிய, 1.5 ஓம் அளவுள்ள காயில்களும் கடையில் அதே உருவத்தில் கிடைக்கும். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் அதை மாட்டினால் முதல் நாள் "அடேயப்பா, என்ன பிக்கப்" என்று இருக்கும். இரட்டைக் கரண்டில் பாயிண்ட் கருகி, காயில் கொதித்து, பழையபடி நிற்கும். கடையிலேயே மீட்டர் வைத்து 3 ஓமுக்குக் குறையாததை எடுங்கள். முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்குக்கு எதிர்மறையாகப் போக வேண்டியது நேர்மறையாகப் போய்ப் பொறி தாண்ட அதிக வோல்ட் கேட்கும். பேட்டரியின் கழித்தல் முனை எர்த்தான வண்டியில் கூட்டல் குறி சாவிப் பக்கம் இருக்க வேண்டும்.

நடு வயரில் பொறி பிரமாதம், பிளக்கில் மட்டும் இல்லை என்றால் ரோட்டரும் மூடியும். ரோட்டர் நடுவில் ஆணி அடித்த இடத்தில் உறை கிழிந்து, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் ஷாஃப்ட் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். மூடியைக் கழற்றி, ரோட்டரை மாட்டிய நிலையில், நடு வயரின் முனையைக் காய்ந்த மரத் துணிக் கிளிப்பால் பிடித்து ரோட்டரின் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி பாய்ந்தால் ரோட்டர் செத்தது. மூடியின் உள்ளே பென்சில் கோடு போலக் கருப்பாக ஒரு மெல்லிய தடம் இரண்டு முனைகளை இணைத்தால் அது கரண்ட் போட்ட பாதை. சுரண்டினால் இரண்டு நாள் ஓடும், பிறகு அதே தடத்தில் ஆழமாகப் பதியும். மூடியின் நடுவில் இருக்கும் கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு உள்ளேயும் வெளியேயும் துள்ளுகிறதா என்றும் விரலால் அமுக்கிப் பாருங்கள். பிளக் வயர்களைப் பகலில் பார்த்துப் பயனில்லை. இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து ஓட விட்டால் கசியும் இடத்தில் நீலமாக மினுங்கும். மார்கழிப் பனியில் ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது என்பவர்களுக்கு நூற்றுக்குப் பெரும்பகுதி இந்த ஈரக் கசிவுதான் காரணம்.

பாயிண்ட் செட்டிங்கைப் பலர் அலட்சியமாகச் செய்கிறார்கள். இன்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்டின் ஃபைபர் குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கருகலைப் பட்டைக்கல்லால் தட்டையாக்கி, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவே விட்டு உருவினால் போதும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் பாயிண்டில் புதைந்து மறுபடி கருக்கும். கேமில் குண்டூசித் தலை அளவு கிரீஸ் தடவுங்கள். தடவாவிட்டால் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கும், சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறந்து டைமிங் (பொறி விழும் நேரம்) பின்னால் போகும், இன்ஜின் சூடேறும். உங்கள் கதையில் சூடு அதிகமாவதற்கே இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதிகம் தடவினாலோ தெறித்துப் பாயிண்டில் படியும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஆடினால் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். அதற்கு லேத்தில் புஷ் போடுவதைத் தவிர வேறு வைத்தியமில்லை.

பாயிண்டைத் தொட்டால் டைமிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். ரேடியேட்டர் பக்கத்து ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்படி புல்லி அடையாளத்தை உங்கள் இன்ஜினுக்குச் சொன்ன டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தி, அதே பல்பை சிபியில் மாட்டி, பல்பு சட்டென்று எரிகிற அந்த இடத்தில் இறுக்குங்கள். ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2. வயரை மாற்றிச் செருகிவிட்டுக் கார்புரேட்டரைத் திட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாக்குவம் பைப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

புதுப் பிளக் நான்கையும் ஒருமுறை கழற்றி இடைவெளி 0.6 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நிறம் காப்பிப் பொடி போல இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி நோஞ்சான். வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் டைமிங் மிக முன்னால் அல்லது பெட்ரோல் குறைவு. புது வாஷரோடு மாட்டினால் கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று.

எல்லாம் முடித்ததும் சோதனையை நடுப்பகலில் செய்யுங்கள், காலைக் குளிரில் அல்ல. காட்பாடியிலிருந்து கிரீன் சர்க்கிள் நெரிசல் வழியாகப் பள்ளிகொண்டா வரை ஒரே மூச்சில் போய், ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் செல்ஃப் அடியுங்கள். அணைத்த பிறகுதான் பானெட்டுக்குள் சூடு உச்சத்துக்குப் போகும், காயிலும் பம்பும் தாங்குகிறதா என்பது அங்கேதான் தெரியும். அப்போதும் பிடிக்கவில்லை, ஆனால் 6 மி.மீ. பிளக்கில் நீலப் பொறி சடசடக்கிறது என்றால் கரண்ட் வேலை முடிந்தது. பெட்ரோல் பைப் சைலன்சர் மேனிஃபோல்டை எங்கே உரசிப் போகிறது என்று கையால் தொட்டுத் தேட ஆரம்பியுங்கள்.